நாயும் நூலும் நாமும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, நல்ல தலைப்பையெல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். எலெக்ட்ரிகல் நண்பர் மின்சார வாகனத்தை எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் துறைத் தோழி செயற்கை நுண்ணறிவை எடுத்துக்கொண்டார். சிவில் நண்பருக்கு வழக்கம்போல மழைநீர் சேகரிப்பு. எனக்கு மிச்சம் இருந்தது நாய்தான்! "நாயைப் பத்தி எழுதப் போறேன்" என்றதும் வகுப்பே சிரித்தது. "நாய் வளர்க்கிறவங்க சேர்ந்து உட்கார்ந்து புத்தகம் படிக்கிறதைப் பத்தி" என்று விளக்கியதும் இன்னும் பலமாகச் சிரித்தது.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். படித்து முடித்துவிட்டும் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகம் தாண்டிய வாசிப்பு என்பது வீட்டில் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறவர்கள் சமாச்சாரம் என்று நம்மில் பாதிப் பேர் ஒதுங்கி நிற்கிறோம். அப்படி ஒதுங்கி நிற்கிறவனிடம் போய் "படி, படி, படித்தால் அறிவு வளரும்" என்று சொன்னால் அவன் இன்னும் நாலடி தள்ளித்தான் போவான். அவனுக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றிலிருந்து, அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினால் அவனே புத்தகத்தைத் தேடி வருவான். எங்கள் ஊரில் அந்த ஒன்று நாய்.

ஊசிக்கு வந்த கூட்டம்

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல்காட்டில் இருக்கிறது. அப்பாவுக்கு ஆட்டுக்கிடை. அறுவடை முடிந்த நிலத்தில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போட்டால் நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் கொடுக்கிற கூலி எங்களுக்குச் சோறு. கிடைக்குக் காவல் நாய். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதலில் எழுந்திரிப்பது அதுதான். என் பள்ளிக்கூடப் புத்தகங்களை விட்டால் எங்கள் வீட்டில் இருந்த அச்சடித்த தாள் காலண்டரும் வீட்டு வரி ரசீதும்தான். ஆனால் நாய் இல்லாத நாள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. இப்போது இருப்பது செவலை. நிறமும் அதுதான், பெயரும் அதுதான்.

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். நாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் 1895-இல் மறைந்த நாள் அது. அதையொட்டி, நான் முதல் வருஷம் படித்தபோது எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் நாய்களுக்கு ஊசி போடும் முகாம் வைத்தார்கள். மருந்தகத்துக்கு அடுத்த கட்டடம் கிளை நூலகம். அதற்கு முன் நான் அதற்குள் போனதே இல்லை.

டாக்டர் வர நேரமாகிவிட்டது. பதினைந்து இருபது பேர் ஆளுக்கொரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நூலக வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நாய்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று உறுமிக்கொண்டிருந்தன. மனிதர்கள் அவரவர் நாயின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் இருந்தார். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் நாயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நூலகத்துக்குள் போனார். ஒரு புத்தகத்தோடு வந்தார்.

"எல்லாரும் நாயைப் பத்தித்தானே பேசுறீங்க. இதுவும் நாயைப் பத்தினதுதான். டாக்டர் வர்ற வரைக்கும் கேளுங்க."

அந்தப் புத்தகம் 'கானகத்தின் குரல்'. ஜாக் லண்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1903-இல் எழுதியது. தமிழில் தந்தவர் பெ.தூரன்.

கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி வீட்டில் செல்லமாக வளர்கிறது பக் என்ற பெரிய நாய். வடக்கே பனிப் பிரதேசத்தில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே ஓடுகிறது. பனியில் சறுக்கு வண்டி இழுக்க நாய் வேண்டும். அந்த வீட்டுத் தோட்டத்தில் வேலை பார்ப்பவனே பக்கைத் திருடி விற்றுவிடுகிறான்.

"வீட்டு ஆளே நாயைத் திருடிட்டானா!" என்று ஒரு பாட்டி வாய்விட்டுக் கத்தியது. அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் கதைக்குள் வந்துவிட்டது. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் தடியால் பக்கை அடித்து அடக்குகிற இடம் வந்தபோது டாக்டரும் வந்துவிட்டார். ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது பாட்டி வாத்தியாரை விடவில்லை. "அடிச்சானே அந்தப் பய, அவனை நாய் கடிச்சுதா இல்லையா? அதைச் சொல்லிட்டுப் போங்க ஐயா."

"வர்ற ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வாங்க ஆத்தா, சொல்றேன்" என்றார் வாத்தியார்.

எங்கள் வாசகர் வட்டம் தொடங்கிய வரலாறு இவ்வளவுதான். திறப்பு விழா, குத்துவிளக்கு எதுவும் கிடையாது.

மழையா, மளையா?

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர் வந்தார்கள். கூடவே ஏழு நாய்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாய்களைத் தள்ளித் தள்ளிக் கட்டினோம். வாத்தியாருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியிருந்தது. "எழுத்து மங்குதுடா. பாலிடெக்னிக் படிக்கிறவன் நீதானே, நீ படி" என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

தோழர்களே, எனக்கு வியர்த்துவிட்டது. காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எட்டாம் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னபோது 'மழை' என்பதை 'மளை' என்று வாசித்துவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது மளைதான். வகுப்பு சிரித்தது. பாடம் நடத்தியவரும் சேர்ந்து சிரித்தார். அன்று முதல் எனக்கு 'மளை' என்றே பட்டப்பெயர். அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் வாய்விட்டு வாசித்ததில்லை. இங்கே முதல் வருஷ செமினாரில் சார்ட்டை மாட்டிவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "படிக்காம வந்திருக்கான்" என்று நினைத்தீர்கள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அன்று புங்கமரத்தடியில் வேறு வழியில்லாமல் வாசித்தேன். முதல் பக்கத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செவலை என் கால்மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் மழை மளைதானே! மூன்றாவது பக்கத்தில் பாட்டி, "சத்தமாப் படி சாமி, காது கேக்கல" என்றது. சத்தமாகப் படித்தேன்.

பிறகுதான் தெரிந்தது, இதையே ஒரு முறையாக வெளிநாட்டில் செய்கிறார்கள் என்று. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில் 1999-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். வாசிக்கத் திணறுகிற குழந்தைகள், பயிற்சி பெற்ற நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். நூலகங்களிலும் பள்ளிகளிலும் இது நடக்கிறது. வேறு பல நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. காரணம் ரொம்ப எளிது. நாய் சிரிக்காது. "தப்பு, திரும்பப் படி" என்று சொல்லாது. நாம் திக்கித் திணறும்போது முகத்தைச் சுளிக்காது. கடைசி வரைக்கும் பக்கத்தில் படுத்திருக்கும். வாசிக்கப் பயப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் யார்?

அப்பா முந்திய பக்கம்

கதை ஏழு அத்தியாயம். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டோம். மூன்றாவது வாரம் அப்பா வந்தார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். செவலையைக் கிடைக்குக் கூட்டிப்போக வந்தவர், சரி என்று வேலி ஓரமாகக் குத்த வைத்து உட்கார்ந்தார். நூலகத்தின் சிமெண்ட் தரைக்கு வரவில்லை. "இது படிச்சவங்க இடம்" என்று அவருக்கு ஒரு எண்ணம்.

அன்று டேவ் என்ற நாயின் கதை வந்தது. வண்டி இழுத்து இழுத்து நோய் விழுந்த நாய். அதை வாரிலிருந்து அவிழ்த்துவிட்டு வேறொரு நாயை அந்த இடத்தில் பூட்டுகிறார்கள். ஓய்வு கொடுக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பொறுக்கவில்லை. பனியில் விழுந்து எழுந்து கூடவே ஓடி வருகிறது. கடைசியில் தன் இடத்தில் பூட்டிய நாயின் வார்களைக் கடித்து அறுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றுகொள்கிறது.

வாசித்து முடித்தபோது வேலி ஓரத்திலிருந்து குரல் வந்தது. "வேலை பார்த்த நாய் அப்படித்தான் செய்யும்." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பேசினார். நான் பிறப்பதற்கு முன் எங்களிடம் இருந்த கிடை நாய்க்கு வயதாகி நடக்க முடியாமல் போனதாம். வீட்டுத் திண்ணையில் கட்டிப்போட்டு, கஞ்சி வைத்துவிட்டு, வேறு நாயோடு கிடைக்குப் போனாராம். விடிகாலையில் பார்த்தால் கடித்து அறுத்த கயிறு கழுத்தில் தொங்க, கிடையின் ஓரத்தில் அது எப்போதும் படுக்கிற இடத்திலேயே செத்துக் கிடந்ததாம்.

"அந்த வெள்ளைக்காரரு நம்ம கிடைக்கு வந்துட்டுப் போயிருப்பாரோ?" என்று கேட்டார் அப்பா. யாருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து நடந்ததைத்தான் நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். நாய் வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒரு பட்டணத்துக் குடும்பம் பக்கையும் மற்ற நாய்களையும் விலைக்கு வாங்குகிறது. மூட்டை மூட்டையாகச் சாமான் ஏற்றுகிறார்கள். வண்டி நகரவில்லை. மேலும் ஆறு நாய் வாங்கிச் சேர்க்கிறார்கள். மொத்தம் பதினாலு நாய். அந்த இடத்தில் நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"பதினாலு நாயைப் பூட்டினா பதினாலுக்கும் தீனி வேணுமே. அதை எந்த வண்டியில ஏத்துவான்?" என்றார் அப்பா.

பக்கத்தைத் திருப்பினேன். ஒரு வண்டியில் பதினாலு நாயைப் பூட்டாததற்குக் காரணமே, பதினாலு நாய்க்கு வேண்டிய தீனியை ஒரு வண்டி சுமக்காது என்பதுதான் என்று ஜாக் லண்டன் அங்கே எழுதியிருந்தார்! நான் அதை வாசிக்க முடியாமல் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் முழுவதும் படிக்கிற ஒரு நாவலாசிரியரை, படிக்கத் தெரியாத என் அப்பா ஒரு பக்கம் முந்திவிட்டார். வாத்தியார் எழுந்து போய் அப்பா கையைப் பிடித்து, "அண்ணாச்சி, இனிமே நீங்க வேலி ஓரத்துல உட்காரக் கூடாது" என்று கூட்டிவந்து சிமெண்ட் தரையில் உட்கார வைத்தார்.

நாம் இரண்டு வருஷமாக லோடு, ஸ்ட்ரெஸ், ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறோம். சுமையைக் கூட்டாமல் சக்தியைக் கூட்ட முடியாது என்பதை அப்பா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு பயம் இருந்தது. "பையன் படிச்சுட்டா நம்மளோட பேச என்ன இருக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டாராம். எனக்கும் வெளியில் சொல்லாத அதே பயம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் பயமும் போய்விட்டது.

எழுதியவரும் நம்மைப் போலத்தான்

ஜாக் லண்டன் யார் என்று தேடிப் படித்தேன். 1876-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். வறுமை. பத்து வயதில் செய்தித்தாள் போட்டிருக்கிறார். கொஞ்சம் வளர்ந்ததும் உணவை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் மணிக்கணக்காக வேலை. அவரை எழுத்தாளர் ஆக்கியது ஓக்லண்ட் ஊரின் பொது நூலகம். அங்கே நூலகராக இருந்த ஐனா கூல்பிரித் என்ற பெண்மணி அந்தச் சிறுவனுக்குப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்து வழிகாட்டினார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் பணம் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டார். 1897-இல் தங்கம் தேடிக் கனடாவின் குளோண்டைக் பகுதிக்குப் போனார். தங்கம் கிடைக்கவில்லை, நோயோடு திரும்பினார். ஆனால் அங்கே பார்த்த நாய்களும் மனிதர்களும்தான் பிறகு புத்தகமானார்கள்.

அந்த நூலகம் இல்லையென்றால் பக் இல்லை. நம் ஊரிலும் நூலகம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல் நம் சென்னை மாகாணத்தில்தான். வீட்டில் இருந்த அந்த வரி ரசீதை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று தனியாகப் போட்டிருந்தது! வாழ்நாளில் நூலக வாசலை மிதிக்காத என் அப்பா இத்தனை வருஷமாக நூலகத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார். "படிச்சவங்க இடம்" என்று வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாரே, அந்தத் தரையில் அவர் காசும் இருக்கிறது. உங்கள் வீட்டு ரசீதையும் எடுத்துப் பாருங்கள்.

படித்ததால் தப்பிய பிள்ளை

நாவல் மட்டும் படிக்கவில்லை. கால்நடை டாக்டர் கொடுத்த ரேபிஸ் விழிப்புணர்வுத் துண்டறிக்கையையும் ஒருநாள் வாய்விட்டு வாசித்தோம். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் தடவக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். டாக்டர் சொன்ன நாள்களில் பாக்கி ஊசியையும் தவறாமல் போட வேண்டும். நோயின் அறிகுறி வந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. இவ்வளவுதான் அதில் இருந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வட்டத்துக்கு வரும், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு அக்காவின் ஏழு வயதுப் பையனைத் தெருநாய் கடித்துவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவிட்டார்கள். அக்கா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையனைக் குழாயடியில் உட்கார வைத்து, மணி பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவியிருக்கிறார். நேராக அரசு ஆஸ்பத்திரி. எல்லா ஊசியும் போட்டாயிற்று. பையன் இன்று ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் வரிசையில் உட்கார்ந்து கதை கேட்கிறான். வாசிப்பினால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பையனைக் காட்டுவேன்.

நாய்ப் பிரியன் என்பதால் நாய்க்கடியை மறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். நாயை நேசிப்பது உண்மையானால் வருஷா வருஷம் ஊசி போட வேண்டும். ராத்திரி தெருவில் அவிழ்த்து விடக்கூடாது. பெட்டைக் குட்டிகளைக் கோணியில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வரக்கூடாது. எங்கள் வட்டத்தில் இதை நாங்கள் ஒரு சத்தியமாகவே எடுத்துக்கொண்டோம்.

நாட்டு நாயா, சீமை நாயா?

வட்டம் என்றால் சண்டையும் உண்டு. செல்போன் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன் லாப்ரடார் வாங்கி வந்து, "உங்க நாயெல்லாம் சும்மா குலைக்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டார். அன்று நாய்களைவிட மனிதர்கள்தான் அதிகம் குலைத்தார்கள். அடுத்த வாரம் வாத்தியார் தியடோர் பாஸ்கரனின் 'இந்திய நாயினங்கள்' புத்தகத்தைக் கொண்டுவந்தார். எழுதியவர் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்த இயற்கை ஆர்வலர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களையே தாங்கிய நாய்களைப் பற்றி அச்சில் படித்தபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம் நாய்!

நம் இலக்கியமும் நாயை விட்டுவிடவில்லை. பாகனையே கொல்லும் யானையைப் போன்றவர் நட்பைவிட, எஜமான் எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் வாலைக் குழைக்கிற நாயைப் போன்றவர் நட்பே மேல் என்கிறது நாலடியார். மகாபாரதத்தில் தருமர், தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று நின்றுவிடுகிறார். இதையெல்லாம் கேட்ட லாப்ரடார் அண்ணன் கடைசியில், "நான் சொன்னது தப்புதான். ஆனா என் நாய் மேல எனக்கும் பாசம் இருக்குமில்ல?" என்றார். நியாயம்தானே! அவரும் அவர் நாயும் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

"டிப்ளமோ பையனுக்கு நாவல் எதுக்கு?"

இந்தக் கேள்வி எனக்குத் தெரியும். நானே கேட்டுக்கொண்டதுதான். அரியர் இருக்கிறது. ரெக்கார்டு எழுத வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது. வீட்டில் நம் சம்பளத்தை எதிர்பார்த்துத் தங்கை கல்யாணமே நிற்கிறது. இதில் எங்கே நாயும் நாவலும்?

தோழர்களே, இன்டர்வியூவில் நம்மில் எத்தனை பேர் கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் வெளியே வந்திருக்கிறோம்? லேத்தில் விரல் நடுங்காமல் வேலை செய்கிற கை, நாலு பேர் முன்னால் மைக்கைப் பிடித்தால் ஏன் நடுங்குகிறது? நமக்கு அறிவுக்குப் பஞ்சம் இல்லை. வாய்விட்டு வாசிக்கவும், படித்ததைப் பற்றிப் பேசவும், நாம் சொல்வதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்கவும் ஒரு இடம் நமக்கு இதுவரை கிடைக்கவில்லை. பரம்பரையாகப் படித்த வீடுகளில் அந்த இடம் சாப்பாட்டு நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. முதல் தலைமுறையாக வந்த நமக்கு அதை நாமே உண்டாக்கிக்கொண்டால்தான் உண்டு.

சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது இன்னொன்று. என் அப்பாவுக்கான நூல் எங்கள் ஊர் நூலகத்தில் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு ஆள்தான் இல்லை.

"எனக்கு நாயே பிடிக்காது, நான் என்ன செய்ய?" என்கிறீர்களா? உங்களுக்குப் பிடித்தது பைக்கா, புறாவா, கிரிக்கெட்டா, சமையலா? அதிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் புத்தகம் இருக்கிறது.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

நம் பேரவையிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, வாரம் ஒருநாள் ஒர்க்ஷாப் முடிந்ததும் ஒரு மணி நேரம், ஒரு வகுப்பறை. இரண்டு, பாடத்தில் இல்லாத பத்துத் தமிழ்ப் புத்தகங்கள். பேரவை நிதியில் வாங்கினால் பெரிய செலவு ஆகாது. மூன்று, அங்கே யார் எப்படி உச்சரித்தாலும் யாரும் சிரிக்கக்கூடாது என்ற ஒரே விதி. நாயைக் கல்லூரிக்குள் கொண்டுவர வேண்டாம். அது நாய்க்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. நாயைப் பற்றிய பேச்சைக் கொண்டுவருவோம். முதல் வாரம் நான் வாசிக்கிறேன். 'மழை' வந்தால் கவனமாகச் சொல்லப் பார்க்கிறேன். 'மளை' என்று வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

போன மாதம் செமினாரில் பதினைந்து நிமிஷம் பேசினேனே, கை தட்டினீர்களே! அந்தக் கைதட்டலில் பாதி செவலைக்குச் சேர வேண்டியது.

இன்னும் ஒரு செய்தி. அப்பா நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிட்டார். அவருக்குத் தெரிந்த அந்த ஒரே எழுத்தான கையெழுத்தை உறுப்பினர் படிவத்தில் போட்டார். அடுத்து வாசிக்க வேண்டிய புத்தகத்தை வேறு யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று முன்கூட்டியே வாங்கி, துணிப்பையில் போட்டுக் கிடைக்குக் கொண்டுபோய்விடுகிறார். ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார். பக்கத்தில் செவலை காவல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையைத் தட்டி, புத்தகத்தைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "ம், படி" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் காத்திருக்கலாம். வாசிப்போம்! வாசித்துக் காட்டுவோம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை